இடம்புரி

கிறிம்ஸ்பியில் காற்றுக்கு உப்புக் கை.
பதினொரு வருடம் துறைமுக மதிலோரம் நின்ற
பெட்ஃபோர்ட் லொறியை
ஒரு நாளாவது அது தொடாமல் விட்டிருக்காது.

பின்னச்சு. இடப்பக்கச் சில்லு.
எட்டு நட்டு.
எட்டும் துருவைக் கட்டிக்கொண்டு
ஊருக்குச் சொல்லாமல் குடித்தனம் நடத்துபவை.
நட்டுக் கழன்றவன் என்று ஆளை ஏசுகிறோம்,
கழலாதவனுக்கு ஒரு சொல் இருக்கிறதா?

முந்தாநாள் இரவு எண்ணெய் விட்டேன்.
நேற்றுக் காலையும் விட்டேன், மாலையும்.
இன்று ஸ்பேனரின் வாலில் ஆறடிக் குழாயைச் செருகி
நுனியில் ஏறி நின்றேன்.
எண்பத்தாறு கிலோ, சப்பாத்தைச் சேர்க்காமல்.

ஒரு சத்தம்.
கடைவாய்ப் பல் பிளந்ததுபோல
என் வாய்க்குள்தான் கேட்டது.
காலடியில் நட்டு.
சந்தோசப்பட அரை விநாடி கிடைத்தது,
குனிந்து எடுத்தால் உள்ளே பாதி போல்ட்.

பத்மரூபன் எட்டிப் பார்த்தான்.
"கழன்றதா?"
"முறிஞ்சது."
"அப்ப அடுத்ததைப் பார்."
அடுத்ததும் முறிந்தது.

லொறிக்காரி போலின் தேநீரோடு வந்தாள்.
சனிக்கிழமை இரண்டு குதிரைகளை ஏற்றி
லௌத் வரை போக வேண்டுமாம்.
முறிந்த முனைகளை விரலால் தடவிப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
சீனி போதுமா என்றாள்.

மூன்றாவதில் ஸ்பேனர் வழுக்கியது.
பிடி கிடைக்கட்டும் என்று பழந்துணியால் துடைத்தேன்.
போல்ட்டின் முகத்தில், கிரீசுக்கு அடியில்,
ஓர் எழுத்து.
எல்.

இந்தப் பக்கத்து மரை இடம்புரி.
ஓடுகிற ஓட்டத்தில் நட்டுத் தானாகக் கழன்றுவிடாதிருக்க
எவனோ யோசித்து, மாற்றி வெட்டி,
மறக்காமல் எழுதியும் வைத்திருக்கிறான்.
மூன்று மணி நேரம்
எண்பத்தாறு கிலோவையும் போட்டு
நான் இறுக்கிக்கொண்டிருந்தேன்.

வேறு எதையெல்லாம் இப்படி, என்று யோசிக்கத் தொடங்கி
வேலை நேரம் என்று விட்டேன்.

பத்மரூபனிடம் சொல்லவில்லை.
குழாயை மறுபக்கம் மாற்றி
கோயிலைச் சுற்றும் திசையில் தள்ளினேன்.
ஒரு சிணுங்கல், செம்பொடி கொஞ்சம்,
பிறகு வந்தது.
ஆறும் வந்தன, இருபது நிமிடத்தில்,
கூப்பிடத்தான் காத்திருந்தோம் என்பதுபோல.

முறிந்த இரண்டும் என் கணக்கு.
முதல் கட்டையின் தலையில்
புது நட்டொன்றை வைத்துப் பத்மரூபன் ஒட்டினான்.
சிவந்தது, கறுத்தது.
ஆறிவரும்போது மெழுகுதிரியைத் தொட்டேன்.
மெழுகு புகைந்து மரைக்குள் ஓடி மறைந்தது.
இன்னும் கொஞ்சம் பொறுத்து
ஸ்பேனரை இரண்டு விரலால் சுற்றினேன்.
இரண்டே விரலால்.

மற்றது எதற்கும் மசியவில்லை.
துளையிட்டோம்.
துளைத்த அலகு உள்ளேயே ஒடிந்து நின்றுவிட்டது.
போல்ட்டைவிடக் கடினமான உருக்கு அது,
துரு வைக்காதது, நானே வைத்தது.

"ஏழு போல்ட்டோடு போகலாமா?" என்றாள் போலின்.
"குதிரையைக் கேளுங்கோ" என்றான் பத்மரூபன்.
பிறகு என்னைப் பார்க்காமல்,
துணியை எடுத்து அந்த எழுத்தை
இன்னொரு முறை துடைத்தான்.

இரவு தயாநிதி ஊறுகாய்ப் போத்தலை நீட்டினாள்.
திறக்க முடியவில்லையாம்.
கை பழகிவிட்டது,
வலமாகத் திருகினேன், முழுப் பலத்தோடு.

இனி அதையும்
சூடு காட்டித்தான் திறக்க வேண்டும்.