பசுவுக்குப் பிறகு என் பெயர்

சனிக்கிழமை இரவே உருளைக்கிழங்கைத் தோல்சீவி
தண்ணீரில் போட்டுவிடுவாய், டோலினா.
ஓய்வுநாளில் கத்தி எடுக்கக் கூடாது.
கொடியில் துணி ஆடக் கூடாது.
முர்டோவின் ஊஞ்சலைக் கம்பத்தோடு சேர்த்து
இரட்டை முடிச்சுப் போடுவாய்.
காற்று அதை அவிழ்த்துவிடும்.
லூயிஸ் தீவின் காற்று எந்தச் சபையிலும் சேராதது,
என்னைப் போல.

நாற்பத்தொரு ஆண்டுகள்
உன்னைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு
காரிலேயே உட்கார்ந்திருந்தேன்.
கண்ணாடியில் மழை. மடியில் நேற்றைய பேப்பர்.
உள்ளே ஒருவர் சங்கீதத்தின் அடியை எடுத்துக் கொடுக்க
மற்றவர்கள் ஆளுக்கொரு வேகத்தில் பின்னால் வருவார்கள்,
அலை பாறையில் ஏறி உடைந்து ஒழுகுகிற மாதிரி.
அதில் உன் குரல் எதென்று எனக்குத் தெரியும்.
கொஞ்சம் தாமதமாக வரும்,
லேசாக மூக்கடைத்து.

திமிங்கல வேட்டைக்குத் தெற்குக் கடல் போன இரண்டு பருவத்தில்
என் விசுவாசம் எங்கேயோ விழுந்துவிட்டது.
வந்து சொன்னபோது நீ அழவில்லை.
"நான் பின்னிக் கொடுத்த கையுறையுமா?" என்று மட்டும் கேட்டாய்.

பக்தியுள்ளவள் என்றது ஊர்.
நீயோ திருவிருந்து மேசைக்குப் போனதே இல்லை.
இருபத்தாறு ஆண்டு பின்வரிசையில் உட்கார்ந்து
அப்பம் கைமாறிப் போவதைப் பார்த்திருந்தாய்.
தகுதியில்லை என்றாய்.
உனக்கா, எவன் சொன்னான் என்று
தொழுவத்தில் நின்று கத்தினேன் ஒருநாள்.
"கத்தாதே, ப்ளாரக் பால் விடமாட்டாள்."

பிறகு அந்த ஞாயிறு.
கேட்டி-ஆனின் இரண்டு பையன்களையும்
கரைக்குக் கொண்டுவந்தார்கள்.
கிடத்த அவள் வீட்டில் வெள்ளைவிரிப்பு போதவில்லை.
நீ தண்ணீர் கொதிக்க வைத்தாய், கைச்சட்டையை மடித்தாய்,
நம் கல்யாணத்து விரிப்புகளைப் பெட்டியிலிருந்து எடுத்து
மக்கிய வாடை போகத் துவைத்து
ஊர் பார்க்கக் கொடியில் போட்டாய்.
கோயிலுக்குப் போகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.
மூப்பர் மட்டும் நின்றார்.
கீழே விழுந்த கிளிப்பை எடுத்து உன்னிடம் நீட்டினார்.

அடுத்த திருவிருந்துக்கு நீ மேசைக்கு நடந்தாய்.
ஏன் அப்போது என்று நான் கேட்கவில்லை.
அன்று கார்க் கண்ணாடியை இறக்கி வைத்திருந்தேன்,
மழையெல்லாம் என் மடியில்.

இரவு ஜெபம் சமையலறையில்,
நாற்காலியில் முகம் புதைத்து. நம் சுவர் மெலிது.
கனடாவில் முர்டோ.
கிளாஸ்கோவில் எஃபி, அவள் மாடிப்படியில் தூங்கும் குடிகாரர்.
தபால்காரரின் முழங்கால்.
கேட்டி-ஆன், பையன்களின் பெயர்களோடு.
ப்ளாரக்கின் மடிவீக்கம்.
கடைசியில் நான்.
பசுவுக்குப் பிறகா என்று காலையில் சண்டை பிடித்தேன்.
"பசு சீக்கிரம் குணமாகிவிடும்.
உனக்கு நேரம் ஆகும். அதனால்தான் கடைசியில், அவசரமில்லாமல்."

பிப்ரவரியில் உன்னை ஆண்கள் மட்டும்
தோள் மாற்றித் தோள் மாற்றிக் கடலோரம் கொண்டுபோனோம்.
இங்கே அதுதான் வழக்கம்.
எஃபி கதவருகே நின்றுவிட்டாள்.
உன் கறுப்புக் கோட்டுப் பையில்
பிரசங்கத்துக்கென்று வைத்த புதினா மிட்டாய்,
ஒன்று பாதி கடித்தது.

இப்போது இரவு பதினொன்றுக்கு
அதே நாற்காலி. மண்டியிட மாட்டேன்,
முழங்கால் மடங்குவதில்லை, தபால்காரருக்குப் போலவே.
உட்கார்ந்தபடி பட்டியலைச் சொல்கிறேன்.
யாரிடம் என்று கேட்காதே.
பெயர்கள் துருப்பிடிக்கக் கூடாது, அவ்வளவுதான்.
ப்ளாரக் செத்துப் பத்தொன்பது வருடம்,
அவளையும் விடவில்லை.

நேற்றுத்தான் கவனித்தேன்,
இத்தனை ஆண்டும் அதில் உன் பெயர் இருந்ததே இல்லை.
எங்கே சேர்ப்பதென்று தெரியவில்லை.
முழங்காலுக்கு முன்னா, பின்னா.

இன்று சனி.
உருளைக்கிழங்கு தண்ணீரில் கிடக்கிறது.
ஒருவனுக்கு அதிகம்.