உக்கடத்து ஊதா

உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில்
ஹக்கீம் இதைத் தராசில் போடவில்லை.
பென்சில் பருமன், சிகரெட் நீளம்,
செய்தித்தாளில் சுருட்டித் தனியாக வைத்திருந்தார்.
"கணபதியில தகடு வெட்டுற மிஷினுக்குள்ள இருந்ததுங்க.
நடுவுல வெளிச்சம் ஓடுமாம். ஒரு முனை கருகிப்போச்சு."
முந்நூறு ரூபாய்.
பேரம் பேசாமல் கொடுத்தேன்.
அதில் அவருக்கு எழுந்த சந்தேகம்
காங்கேயம் பஸ் ஏறும்வரை என் முதுகிலேயே இருந்தது.

இது எந்த மண்ணிலும் கிடந்ததில்லை.
சிவன்மலைப் பக்கம் மழை விட்ட மறுநாள்
உழவுக் காட்டில் குனிந்தபடி நடப்பவர் காலில்
இடறியிருக்க வழியில்லை.
எங்கோ ஓர் உலை.
இரண்டாயிரம் டிகிரியில் தளும்பாத குழம்பு.
அதன் மேல்தோலை ஒரு விதைப்படிகம் தொட,
சுழற்றியபடியே மேலே இழுத்திருக்கிறார்கள்
மணிக்கு அரை அரிசி கனம்.
இழுத்தது எந்திரம்தான்.
ஆனாலும் யாரோ ஒருத்தர்
அத்தனை ராத்திரியும் டீ குடித்திருப்பார்.

கொப்பரைக் களத்துக்குப் பின்னால் என் அறை.
பகலில் எண்ணெய் மில் கணக்கு,
பொழுது விழுந்தால் பட்டைத் தட்டு.
குளுக்கோஸ் பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.
லென்ஸ் வைத்துத் தேடினேன்:
இறகு இல்லை, குமிழி இல்லை, மேகம் இல்லை.
காட்டுக் கல்லில் பழகிய கண்ணுக்கு
உள்ளே கால் ஊன்ற இடமில்லை.
வழுக்கி மறுபக்கம் போய் விழுந்தது.

கருகிய முனையை மட்டும் அறுத்தெடுத்தேன்.
எஃகைத் துளைக்கப் போன வெளிச்சம்
வெளியேறும்போது வைத்த சூடு.
குன்றிமணிக் கண் அளவு கறுப்பு.
எறிய மனம் வரவில்லை.
தீப்பெட்டிக்குள் இருக்கிறது.

அடிப்பட்டை நாற்பது டிகிரி.
மூன்றாவது பட்டையில் கரண்ட் போனது.
தட்டு நிற்கும்முன் கையைத் தூக்கியிருக்க வேண்டும்.
தூக்கவில்லை.
ஒரு கோடு.
மறுபடி முதலிலிருந்து, அரை மில்லி இளைத்து.

நகைக்கடை சென்னியப்பன் விரல் நுனியில் ஏந்தி,
"மலையில எடுத்ததுன்னு சொல்லிப்போடலாமுங்களா?"
பில்லில் எழுதினேன்: உலையில் விளைந்தது. லேசர் கம்பி.
இரண்டு முறை படித்தார்.
"லேசருங்கற வார்த்தைக்கே
இருநூறு எச்சாச் சொல்லலாமுங்க."

பத்து நாள் கழித்து வெள்ளகோவிலிலிருந்து ஒரு சண்டை வந்தது.
பெயர் மரகதம். விரலில் ஊதா.
"கடையில நீலம் பாரிச்ச சாம்பலுங்க.
எங்கூட்டு வாசல்ல கத்தரிப்பூ.
கல்ல மாத்திப்போட்டீங்க!"
சென்னியப்பன் எனக்குப் போன் போட்டார்.
போனேன்.
நியோடிமியம் என்ற சொல்லை
நாக்கு வரை கொண்டுவந்து விழுங்கினேன்.
"வெளிய ஒருக்கா போய்ட்டு வாங்க."

டியூப் லைட்டில் சாம்பல் நீலம்.
தாராபுரம் ரோட்டு வெயிலில் கத்தரிப்பூ.
உள்ளே. வெளியே. உள்ளே.
நான்காவது நடையில் செருப்பைக் கழற்ற மறந்தார்.
ஐந்தாவது நடையில் கோபத்தை
ரோட்டிலேயே விட்டுவிட்டு வந்தார்.
உள்ளங்கையைக் குவித்து, இடுக்கு வழியே ஒற்றைக்கண்ணால் பார்த்து,
"இருட்டுல என்ன நிறமுங்க?"
எனக்குத் தெரியவில்லை.
அவரே கையைத் திறந்தார்.
"ரெண்டு கல்லுக்கு ஒரு கல்லுக் காசுதான வாங்குனீங்க,
போகுது உடுங்க."

அவர் பஸ் ஏறியதும்
சென்னியப்பன் ஒரு டியூபை அணைத்தார், போட்டார்.
மறுபடி அணைத்தார்.
"அந்தக் கம்பி இன்னும் எவ்வளவு நீளம் இருக்குதுங்க?"
மனசுக்குள் அறுத்துப் பார்த்தேன்.
பதினோரு கல்.
கரண்ட் நின்று ஓடினால்.