பதினான்காவது தட்டு

பதினோரு வருஷம் கழித்துக்
கறுப்புக் கிரேன் ஒரு தட்டு போட்டிருக்கிறது.
ஓஸ்த்ராவாவில், டிராம் பணிமனைக்கு எதிரே,
வ்லாஸ்திக்கின் பீர்க்கடையில்
வெள்ளிக்கிழமை அதைப் பிரித்தோம்.
வைப்பதற்கு முன் மேஜையை
இரண்டு தடவை துடைத்தான் வ்லாஸ்திக்.
சாப்பாட்டுக்குக்கூட அவன் துடைத்ததில்லை.

முதல் பாட்டு முடியவில்லை, அதற்குள்
போஹுஷ் தீர்ப்புச் சொல்லிவிட்டான்:
"டிரம்மா இது?
அட்டைப்பெட்டியை யாரோ எட்டி உதைக்கிறான்."
முப்பது வருஷம் ஊதுலையில் நின்றவன்.
இரும்பு எப்படிச் சத்தம் போடும் என்று
அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.
எண்பத்தாறோடு இவர்கள் கதை முடிந்தது என்பது
அவன் கட்சி.
எண்பத்தாறில் அவனுக்குத் தலைமுடி இருந்தது,
அவ்வளவுதான் விஷயம் என்பது
க்வேதாவின் கட்சி.

பிடித்திருக்கிறது என்றான் ராதிம்.
துக்க வீட்டில் சிரித்தவனைப் போல
அவனைத் திரும்பிப் பார்த்தோம்.
இருபத்து மூன்று வயது.
பதின்மூன்றாவது தட்டில் தொடங்கி
ஒன்றாவதில் போய் முடித்தவன்.
"ஒன்றில்தான் அவங்களுக்கு
வாசிக்கவே தெரியலையே" என்றான், வெள்ளந்தியாக.
போஹுஷ் குவளையை வைத்த வைப்பில்
ஊசி துள்ளி
ஓல்த்ரிஹ் பாதிச் சொல்லிலிருந்து
வேறொரு பாதிச் சொல்லுக்குத் தாவினான்.
யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை
என்று சொல்லத்தான் ஆசை.
தெரிந்தது.
எல்லாரும் கவனித்துக்கொண்டுதான் இருந்தோம்.

நான்காவது, காதல் பாட்டு.
அறுபத்தெட்டு வயதில்,
கரகரத்த தொண்டையோடு,
மழையாம், ஜன்னலாம், அவள் கோட்டாம்.
"வரி மூன்றாவது மனைவிக்கு,
மெட்டு முதல் மனைவி காலத்தது" என்றாள் க்வேதா.
குப்பை என்றேன் நான்.
சத்தமாகவே சொன்னேன்.

த்ரஹோமீரா எதுவும் சொல்லவில்லை.
உருட்டாலையில் பாதிக் காது போனது,
மீதிப் பாதியை இவர்கள் கச்சேரிகளில்
முன்வரிசையில் நின்று அவளே கொடுத்தாள்.
காதிலிருந்த கருவியைக் கழற்றி
உப்புக்குடுவை பக்கத்தில் வைத்துவிட்டு
உள்ளங்கையை மேஜையில் பதித்திருந்தாள்.
ஆறாவது பாட்டில் கையை எடுத்தாள்.
ஏழாவதில் மறுபடி வைத்தாள்.
அவள் விமர்சனம் அவ்வளவுதான்.

அப்போது ராதிம் உறையின் பின்பக்கத்தைத்
தடவிக்கொண்டே இருந்தவன்
எறும்பெழுத்தில் ஒரு வரியை வாசித்தான்:
"ஒன்பதாவது பாட்டில், சிம்பல், ஒரே ஓர் அடி: லுபோர்."

பழைய டிரம்காரன்.
விரல் மடங்காமல் போய் நாலு வருஷம்.
பல் துலக்கவே யாராவது வேண்டும் என்று
கேள்வி.

போஹுஷ் கண்ணாடியைத் தேடி எடுத்து
தானும் ஒரு தடவை வாசித்தான்.
"ஒன்பதைப் போடு" என்றான்.
ஏழு நிமிஷப் பாட்டு.
அட்டைப்பெட்டி உதைபட்டது, உதைபட்டது,
கிட்டார் தன் பழைய வீட்டைத் தேடிச்
சந்து சந்தாக அலைந்தது.
எங்கே, இதுவா, இதுவா என்றாள் க்வேதா.
"வாயை மூடு."

ஆறாம் நிமிஷத்தின் கடைசியில்
வந்தது.
கொஞ்சம் தாமதமாக,
தாளத்துக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு.
அது அடங்கும்வரை
வ்லாஸ்திக் குழாயைத் திறக்கவில்லை.

"அது இரும்பு" என்றான் போஹுஷ்.
பிறகு உடனே,
"மிச்சமெல்லாம் அட்டைதான்."
சண்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.
கடை மூடியும் வாசலில் நின்று தொடர்ந்தது.

என் கருத்து கேட்டால்,
இரண்டு பாட்டு அதிகம்,
உறை அசிங்கம்,
ஐந்துக்கு மூன்று தரலாம்.

காலை நாலு நாற்பதுக்கு
முதல் டிராமை நான்தான் எடுத்தேன்.
ஒரே ஒரு பயணி, அவரும் தூக்கத்தில்.
கொதிகலன் வளாகம் தாண்டும்போது
வாய் எதையோ முணுமுணுத்தது.
மழை, ஜன்னல், அவள் கோட்டு.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில்
இதை யாரிடமும் சொல்லவில்லை.