சேதம் இல்லை

ஆலங்கட்டி பெய்து ஒன்பதாம் நாள்
ஏணியும் சாக்கட்டியுமாய்
வினிபெக்கின் வடக்குத் தெருவொன்றில் இறங்கினேன்.
தோளுரசி நிற்கும் இரண்டு வீடுகள்.
ஒன்று வினைல் உடுத்தியிருந்தது,
மற்றது ஸ்டக்கோ.

நான் வண்டியை நிறுத்துமுன்பே
கத்தத் தொடங்கியிருந்தாள் நடீன் லாவலே.
மேற்குச் சுவர் சல்லடை.
சதுரம் வரைந்து எண்ணினேன், நாற்பத்தொன்று.
போன கோடையில் கறி சுடும் அடுப்பைச் சுவரோரம் தள்ளி
உருகிச் சுருங்கிய இடத்தையும்
ஆலங்கட்டிக் கணக்கில் எழுதச் சொன்னாள்.
முடியாது என்றேன்.
'கேட்டுப் பார்த்தால் என்ன போச்சு' என்று சிரித்தாள்.
விளிம்பில் விரல் கொடுத்ததும்
சட்டைப் பொத்தான்போல் கழன்று வந்தது ஒரு பட்டை.
உள்ளே மரம்
ரொட்டியின் மேலோடாய்க் காய்ந்திருந்தது.

வால்டர் ப்ரோகோப்சுக் புல்வெளியில் கைகட்டி நின்றார்.
'ஐம்பத்திரண்டில் பூசியது.
அது ஷாம்பு பாட்டில், இது சுவர்.'
பூச்சில் பீர் பாட்டில் சில்லுகள் பதித்திருந்தார்கள்,
பச்சையும் பழுப்பும்.
பத்து மணி வெயிலில்
சுவர் முழுக்கக் கண்சிமிட்டல்.
ஒரு குழிகூட இல்லை.
தட்டினேன்,
கல்லாகவே பதில் சொன்னது.

ஜன்னலின் கீழ்மூலையில் மட்டும்
ஒரு மயிரிழை விரிசல்.
தொழில் பழக்கம்,
சட்டத்தோரம் ஈரமானியின் ஊசிகளைச் செருகினேன்.
முப்பத்தொன்று.
சற்றுத் தள்ளி முப்பத்தெட்டு.
மூன்றாம் இடத்தில்
வெந்த கிழங்குக்குள் போவதுபோல்
அதுவாகவே போயிற்று.

'இந்த அறையில் யார் இருக்கிறார்கள்?'
'யாருமில்லை. மூன்று குளிர்காலமாய்ப் பூட்டியிருக்கிறது.'
ஏன் என்று நான் கேட்கவில்லை.
'பிரித்துப் பார்க்க வேண்டும், வால்டர்.'
'நிற்கிறதே, பார்க்கவில்லையா?'

என் படிவத்தில்
ஆலங்கட்டிக்குக் கட்டம் உண்டு.
காற்றுக்கு, தீக்கு,
கூரைமேல் விழுந்த மரத்துக்கு உண்டு.
துளித்துளியாய்
வருஷக்கணக்கில்
ஒருவரையும் எழுப்பாமல் நுழைவதற்கு இல்லை.

நடீனுக்கு ஆறாயிரத்து நானூறு டாலர்.
வேண்டிய நிறம் கடையில் இல்லையாம்,
அதற்கும் என்னைத்தான் திட்டினாள்.
வால்டருக்கு இரண்டே சொற்கள்.

கையெழுத்திட்டு வாங்கியவர்
வேலிக்கு மேலே காகிதத்தை உயர்த்தி
அவளுக்கு ஆட்டிக் காட்டினார்.
ஏணியை வண்டியில் கட்டும்போது திரும்பிப் பார்த்தேன்.
மற்றக் கை
அந்த மயிரிழையின்மேல் இருந்தது.