வியாழன்: ஒளிபரப்பு இல்லை

வாரத்தில் ஆறு நாள் படம் வரும்.
வியாழன் வராது.
ஜூலை முழுக்கவும் வராது;
தொலைக்காட்சிக்காரர்களுக்கும் கோடை உண்டல்லவா.
இருபது வருடம் இப்படியே ஓடியது ஐஸ்லாந்தில்.

அதைப் பற்றித்தான் என் ஆய்வு:
‘ஒளிபரப்பற்ற மாலைகளும் சமூக உறவும்’.
தலைப்பு பேராசிரியர் ஓக்முந்துர் கொடுத்தது.
முடிவையும் ஏறக்குறைய அவரே கொடுத்திருந்தார்:
பெட்டி மூடினால் கதவு திறக்கும்.

நவம்பர் பாதியில் ஈசாபியோர்துரில் இறங்கினேன்.
மலைக்குப் பின்னால் போன சூரியன்
ஜனவரிக் கடைசி வரை திரும்பாத ஊர்.
பையில் ஒலிப்பதிவுக் கருவி, நாற்பத்தொரு பெயர்,
ஒரு குறியீட்டுத் தாள்.
1 வானொலி. 2 பின்னல். 3 சீட்டாட்டம்.
4 பிறர் வீட்டுக்குப் போதல். 5 பிறர் நம் வீட்டுக்கு வருதல்.
9 நினைவில்லை.

எல்லா வீட்டிலும் காப்பி கறுப்பு.
காய்ந்த மீனில் வெண்ணெய் தடவி நீட்டுவார்கள்.
மெல்லும் சத்தம் பதிவில் விழுந்து
பாதி வார்த்தையைத் தின்றுவிடும்.
இரவு விடுதி அறையில் தட்டச்சு செய்வேன்:
(சிரிப்பு.) (மெல்லுகிறார்.) (மௌனம், ஏழு நொடி.)

“வியாழனா! அடேயப்பா, அந்த வியாழன்!”
எல்லோரும் ஒரே மாதிரி ஆரம்பித்தார்கள்.
அன்றைக்குத்தான் மனுஷனை மனுஷன் பார்த்தானாம்.
அடுத்த ஒன்பதாம் மாதம் பிறந்ததுதான்
பாதி ஊர் என்று கண்ணடித்தார்
ஓய்வுபெற்ற தபால்காரர் ப்ராண்டுர்.

இருபதாவது பேட்டியில் உறைத்தது.
எல்லோரும் நான்கு.
ஒருவர்கூட ஐந்து இல்லை.
எல்லோரும் போயிருக்கிறார்கள்,
யார் வீட்டுக்கும் யாரும் வரவில்லை.
வீட்டுக்கு வீடு வாசற்படி, சரி,
ஊரே பனியில் புறப்பட்டுப் போயிருந்தால்
உள்ளேயிருந்து கதவைத் திறந்தது யார்?

ப்ராண்டுரிடம் திரும்பப் போய்க் கேட்டேன்.
யார் வீட்டுக்குப் போனீர்கள்? ஒரு பெயர் போதும்.
தாடையைச் சொறிந்தார்.
“பெயரா… அதுதான் போன வருஷம் டிவியில் சொன்னார்களே,
வியாழன் எப்படியெல்லாம் இருந்தது என்று.
அப்படித்தான் எங்களுக்கும்.”

ஓக்முந்துருக்கு எழுதினேன்.
‘இன்னும் நிறையப் பேரைக் கேள்’ என்று பதில்.

மீன் ஆலையில் முப்பது வருடம் நின்றே வேலை செய்த
ஹால்பேரா மட்டும் யோசித்துச் சொன்னாள்:
“நாங்கள் எங்கேயும் போகவில்லை.
அதே சோபா, அதே நேரம், உட்கார்ந்திருப்போம்.
பெட்டி அணைந்திருக்கும்.
கறுப்புக் கண்ணாடியில் இரண்டு பேரும் தெரிவோம்.
(மௌனம், பதினோரு நொடி.)
அவர் என்னைப் பார்க்கிறார் என்பது
அதில்தான் எனக்குத் தெரியும்.”

எந்த எண் போட?
பென்சில் முனை என் பல்லில்தான் தேய்ந்தது.

மலைக்கு அந்தப்பக்கம் ஆடு வளர்க்கும் கேத்தில்
குறியீட்டுத் தாளையே கவிழ்த்துவிட்டார்.
அலை அந்த மலையைத் தாண்டவே இல்லையாம்;
வெளியிலும் பனி, பெட்டிக்குள்ளும் பனி.
“எங்களுக்கு ஏழு நாளும் வியாழன்தான்.
எவனும் எட்டிப் பார்க்கவில்லை.”

அந்த வாரமும் வியாழன் வந்தது.
செல்பேசியை அணைத்துக் கம்பளிக் காலுறைக்குள் திணித்தேன்.
எதிர்வீட்டு ஜன்னலின் நீலம்
மூன்று வாரமாய் என் அறைக் கூரையில் ஆடுகிறது.
அங்கே யார் என்று தெரியாது.
தெருவைக் கடந்தேன். படிப் பனியைக் காலால் தள்ளி
மணியை அழுத்தினேன்.
நீலம் ஆடாமல் நின்றது.

கையில் ரிமோட்டோடு ஓர் ஆள்
கதவைப் பாதி திறந்து
என் முகத்தைப் பார்த்து வெளிறினார்:
“யாருக்கு என்ன ஆச்சு?”

“ஒன்றுமில்லை. இன்றைக்கு வியாழன்” என்றேன்.

அவர் உள்ளே திரும்பி யாரிடமோ கேட்டார்:
“வியாழன் என்ன,
குப்பை எடுக்கிற நாளா?”