பெரம்பூரில் ஏறுகிறவள்

வியாசர்பாடி ஜீவாவில் நான் ஏறுவேன்.
ஜன்னலோரம் எனக்கு, பக்கத்தில் என் பை.
"ஆள் வருது" என்று சொல்லிச் சொல்லி
எத்தனை அக்காக்களின் முறைப்பை வாங்கியிருப்பேன்.
பெரம்பூரில் மிருணா ஏறுவாள்.
இயர்போனில் இடது அவளுக்கு, வலது எனக்கு.
கொரட்டூர் வருவதற்குள் நாலு பாட்டு.
சிக்னல் கருணை வைத்தால் ஐந்து.

சண்டை எதுவும் நடக்கவில்லை.
நடந்திருந்தால் ஒரு தேதியாவது இருந்திருக்கும்.
பதினொன்றாம் வகுப்பில் அவள் பயாலஜி, நான் காமர்ஸ்.
முதலில், "பின்னாடி பெட்டியில ஏறிட்டேன்டி, கூட்டம்."
பிறகு வெறும் நீல டிக்.
பிறகு அவள் பிறந்தநாள் கேக்.
ஒரே கத்தியை ஐந்து கைகள் பிடித்திருந்த படம்.
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்,
ஏதாவது ஒரு விரல்
என்னுடையதாக இருந்துவிடாதா என்பதுபோல.

அந்த வருஷம் முழுக்க
இரண்டு காதிலும் இயர்போன் மாட்டியிருந்தேன்.
பாட்டு எதுவும் ஓடவில்லை.
வயரின் மறுமுனை சுடிதார் பாக்கெட்டில் சும்மா கிடந்தது.
யாரும் பேசவில்லை என்பதற்கு
ஒரு காரணம் வேண்டியிருந்தது.

கார்த்திகை மழை. ஸ்டேஷன் ரோட்டில் முழங்கால் தண்ணீர்.
டயர் கடைக்குப் பக்கத்து மாடிப்படியில் ஒதுங்கினேன்.
மேலே டியூப்லைட், பிளாஸ்டிக் நாற்காலிகள்,
வியாழக்கிழமைக் கூட்டம். எண்ணினால் ஒன்பது பேர்.
கீபோர்டு பையன் ஒரே இடத்தில்
மூன்று தடவை தப்பாக வாசித்தான்.
ஒருத்தி தன் ஈரக் குடையைத் தரைக்கு இறக்கி
நாற்காலியைக் காலி செய்தாள்.
பெயர் கேட்கவில்லை.
அதனால்தான் உட்கார்ந்தேன்.

வாசித்தார்கள்.
ஒரு தோட்டம். இரவு.
விடிந்தால் சாவு என்று தெரிந்த ஒருவர்
மூன்று நண்பர்களைக் கூட்டிப்போகிறார்.
பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை,
தூங்காமல் கூட இருந்தால் போதும்.
தூங்கிவிட்டார்கள்.
எழுந்து வந்து பார்க்கிறார். தூக்கம்.
போய் மன்றாடிவிட்டு மறுபடி வருகிறார். தூக்கம்.
மூன்றாம் முறையும்.

எனக்கு அந்த நடை தெரியும்.
ராத்திரி பதினொன்றுக்கு, பன்னிரண்டுக்கு, ஒன்றேகாலுக்கு,
அவளுடைய லாஸ்ட் சீனைப் பார்க்கப்
போய் வருகிற நடை.

மார்க் கேட்கிற இடம் என்றுதான்
அதுவரை கடவுளை நினைத்திருந்தேன்.
எல்லோரும் கண்ணை மூடியபோது நானும் மூடினேன்.
சொல்ல ஒரு வார்த்தைதான் வந்தது.
ஜெபமா அது, தெரியாது.
"உங்களையுமா?" என்றேன்.

ஆறு வியாழன் அம்மாவிடம் ட்யூஷன்.
ஏழாவது வியாழன் உண்மை.
தோசைக்கல்லிலிருந்து திரும்பாமலே,
"எந்தச் சாமியா இருந்தாலும்
பொய் சொல்லிட்டு வந்தா ஏத்துக்குமா?" என்றாள்.
நாலு நாள் பேசவில்லை.
ஐந்தாம் நாள், குடையை எடுத்துப் போகச் சொன்னாள்.

தனிமை போய்விட்டதா என்றால், இல்லை.
டிபன் டப்பாவைத் தனியாகத்தான் திறக்கிறேன்.
இயர்போனை மட்டும் கழற்றிவிட்டேன்.
பெட்டியில் இத்தனை சத்தம் இருந்திருக்கிறது:
சமோசாக்காரர், ஒரு குழந்தையின் விக்கல்,
கேரேஜ் தாண்டும்போது தண்டவாளம் போடும் இருமல்.
மிருணாவுக்காகவும் ஜெபிக்கிறேன்.
முதல் மாதம் அது முழுக்கப் புகார்.
இப்போது பெயர் மட்டும் சொல்கிறேன்,
மீதி அவருக்குத் தெரியும்.

நேற்று எங்கள் பெட்டியில் ஏறினாள். தனியாக.
இரண்டு காதிலும் இயர்போன்.
அந்த வயர் எங்கே போய் முடிகிறது என்று
பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.
பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.
கதவோரமே நின்றாள்.
கேரேஜ். லோகோ.

வில்லிவாக்கத்தில் கீரைக்கட்டுகளோடு ஏறிய ஒருவர்
காலி இடத்தைக் காட்டி, "ஆள் வருதா?" என்றார்.

"தெரியலக்கா. உக்காருங்க.
வந்தா நான் எந்திரிச்சுக்கறேன்."