இடம் வலமாக

கானாடுகாத்தானில்
நாற்பத்தொரு பங்காளிகள் பிரித்துக்கொள்ளப் போகும் வீடு.
வக்கீல் அடைக்கப்பன் கடிதத்தில் கேட்டிருந்தார்:
அறைக்கு நாலு மூலை, கதவுக்கு ஒன்று,
விரிசலுக்குத் தனியாக.

டிஜிட்டலைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு
காலையிலேயே தொடங்கிவிட்டேன்.
அகல லென்ஸ்,
ஆறடி அறையைப் பத்தடியாக்கிவிடும்.
மிச்ச நாலடி யார் பங்கு என்று
பிறகு வழக்கு வரலாம்.
எடு, பார், அழி, எடு.
நாலு மணிக்குள் ஆயிரத்து நூற்று முப்பது.
எந்தத் தூணருகிலும் என் கால் நிற்கவில்லை.

சாவிக்கொத்தோடு முன்னே போய்க்
கதவு திறந்துவிடுவார் முத்துராக்கு.
நான் கேமராவைத் தூக்கியதும் ஒதுங்கிவிடுவார்.
"வீட்டத்தானே கேட்டாக, நான் எதுக்கு?"
ஒரே ஒரு படத்தில் அவர் சேலை நுனி.
வெட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன்,
மறைப்பானேன்.

பேட்டரி தீர்ந்தது.
அந்த வீட்டில் மின்சாரம் துண்டித்து மூன்று வருஷம்.

பையின் அடியில் பெட்டிக் கேமரா இருந்தது,
ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கண்.
பன்னிரண்டு படச் சுருளில்
பதினொன்று வேறெங்கோ செலவாகி
ஒன்று பாக்கி.
இதைக் கண்ணில் வைக்க முடியாது.
வயிற்றோடு அணைத்துக்கொண்டு
குனிய வேண்டும்,
கிணற்றுக்குள் எதையோ தவறவிட்டவள்போல.

வளவில் நின்று குனிந்தேன்.
கண்ணாடிச் சதுரத்தில் வீடு
இடம் வலமாக நின்றது.
நான் ஒரு பக்கம் நகர்ந்தால்
அது மறுபக்கம் ஓடியது.
மேகம் விலகட்டும் என்று காத்திருந்தேன்.
சும்மா தூண்களை எண்ணினேன்.
இருபத்திரண்டு.
பகலெல்லாம் அவற்றுக்கு நடுவேதான் அலைந்திருக்கிறேன்.

என் முகத்தைக் கேமரா மறைக்காததாலோ என்னவோ
முத்துராக்கு பக்கத்தில் வந்து
தானும் குனிந்தார்.
"அட, சாவி மாட்டுற ஆணி
அந்தப் பக்கம் போயிருச்சே!"
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"உள்ளங்கைக்குள்ள அடங்கிரும் போல.
இதுக்கா நாப்பத்தொரு பேரு?"

கூடச் சேர்ந்து பார்க்கிறவரை
எப்படிப் படமெடுப்பது?
எதிரே போய் நிற்கச் சொல்ல
வாய் வரவில்லை.
அழுத்தினேன்.

கழுவி வந்த படத்தில் வெறும் வளவு.
கீழ் விளிம்பில்
முதுகுப்பக்க வெயில் நீட்டிவிட்ட
ஒரு நிழல், இரண்டு தலை.

வக்கீலுக்கு அனுப்பவில்லை.
அவர் பட்டியலில் அதற்கு இடமில்லை.
முத்துராக்குவிடம் ஒரு பிரதி கொடுத்தேன்.
நிழலைப் பார்க்கவே இல்லை அவர்.
ஆணியைத் தேடி விரல் வைத்தார்.
"பழைய பக்கமே இருக்கே.
ஏன் மாத்துனீக?"